தோட்டா ஏறவில்லை, சிக்குகிறது, பச்சை பூத்துவிட்டது: ரைஃபிள் மேகசின் கோளாறை எதுவரை நீங்களே பார்க்கலாம்

ராணுவத்தில் ஆர்மரராக, அதாவது ஆயுதம் பழுது பார்ப்பவனாக இருந்து ஓய்வு பெற்று ஊருக்கு வந்தவன் நான். இப்போது உரிமம் உள்ள ஒரு ஆயுதக் கடையின் பழுது மேசையில் உட்கார்ந்திருக்கிறேன். சொந்த ஊர் பள்ளத்தூர் பக்கம் என்பதால் காரைக்குடி, தேவகோட்டை, கானாடுகாத்தான் என்று நம் பக்கத்து ஆட்கள் ரைஃபிளைத் தூக்கிக்கொண்டு நேராக என்னிடமே வருகிறார்கள். "துப்பாக்கி போய்விட்டது, தோட்டா எடுக்கவே மாட்டேன் என்கிறது" என்பார்கள். பாதிக்கு மேல் துப்பாக்கியில் ஒன்றும் இருக்காது. தோட்டாக்களை அடுக்கிப் போடும் ஸ்பிரிங் பெட்டியான மேகசினுக்குள் காய்ந்த எண்ணெய் இருக்கும், அல்லது தோட்டாவை அடுக்கிய முறை தப்பாக இருக்கும், அல்லது தோட்டாவை வைத்திருந்த இடம் சரியில்லாமல் இருக்கும். இதற்காக ஒரு பெரியவர் வெயிலில் பஸ் ஏறி வந்து ஒரு நாளைத் தொலைப்பது எனக்குப் பொறுக்கவில்லை, அதனால் எழுதுகிறேன்.

வீட்டு உரிமத்தில் நம் பக்கம் அதிகம் பார்ப்பது இச்சாப்பூர் ரைஃபிள் தொழிற்சாலையில் செய்த .315 போல்ட் ரைஃபிள், ஐந்து தோட்டா பிடிப்பது. அதற்கு அடுத்தது .22. ஆங்காங்கே ஒரு 30-06 வரும். கீழே சொல்வதெல்லாம் இவற்றுக்கு. 12 போர் இரட்டைக்குழல் வைத்திருப்பவர்களுக்கு மேகசின் கிடையாது, அவர்கள் தோட்டா பச்சை பூப்பது பற்றிய பகுதிக்கு நேராகப் போகலாம், அது அவர்களுக்கும் பொருந்தும்.

எந்தக் கோளாறாக இருந்தாலும் முதலில் காலி செய்யுங்கள். மேகசினைக் கழற்றுங்கள், அதற்கு அப்புறம் போல்ட்டை, அதாவது கையால் முன்னும் பின்னும் ஓட்டும் உருளையை, முழுக்கப் பின்னால் இழுங்கள், குழலின் பின்முனையில் தோட்டா போய் உட்காரும் இடமான சேம்பரைக் கண்ணால் பாருங்கள், சுண்டு விரலை விட்டுத் தொட்டும் பாருங்கள். இந்த வரிசை மாறக் கூடாது. போல்ட்டை முதலில் இழுத்துவிட்டு மேகசினை அப்புறம் கழற்றினால், நடுவில் போல்ட்டை ஒருமுறை முன்னால் தள்ளும்போது மேலே இருக்கும் தோட்டா சேம்பருக்குள் போய் உட்கார்ந்திருக்கும், உங்களுக்குத் தெரியாது. காலி செய்த பிறகு உயிர்த் தோட்டா எல்லாவற்றையும் வேறு அறையில் வைத்துவிட்டு வந்து உட்காருங்கள். வீட்டில் செய்யும் சோதனை எல்லாம் வெடிமருந்து இல்லாத டம்மி தோட்டாவில்தான். உங்கள் அளவுக்கு டம்மி ஐந்து வாங்கி வைத்துக்கொள்ளுங்கள், கடையில் சொன்னால் வரவழைத்துத் தருவார்கள். உயிர்த் தோட்டாவைப் போட்டுப் பார்ப்பது சுடுதளமான ரேஞ்சில் மட்டும். வீட்டு வளவில் உட்கார்ந்து உயிர்த் தோட்டாவை ஏற்றி இறக்கிச் சோதிப்பது எவ்வளவு அனுபவசாலி செய்தாலும் தப்பு.

மேகசினுக்குள் தோட்டா இறங்கவில்லை, இரண்டு மூன்றோடு நின்றுவிடுகிறது

தோட்டாவின் அடியைத் திருப்பிப் பாருங்கள். அங்கே குத்தியிருக்கும் எழுத்தும் எண்ணும் உங்கள் உரிமத்தில் இருக்கும் அளவோடு ஒத்துப்போகிறதா? புனே பக்கம் கட்கியில் தயாராகும் தோட்டாவில் கே.எஃப். என்ற எழுத்து இருக்கும், அது தொழிற்சாலையைத்தான் சொல்லும், அளவைச் சொல்லாது. அப்பா காலத்துப் பெட்டியில் இரண்டு மூன்று அளவுத் தோட்டாக்கள் கலந்து கிடப்பதை நான் பலமுறை பார்த்திருக்கிறேன். .315-ம் .303-ம் பார்வைக்கு அண்ணன் தம்பி மாதிரி இருக்கும், ஆனால் ஒன்று மற்றதற்கு ஆகாது. அளவு தெரியாத தோட்டாவைத் தனியே எடுத்து வைத்துவிடுங்கள், அதைப் போட்டுப் பார்க்கவே வேண்டாம்.

அளவு சரி என்றால் அடுக்கும் முறையைப் பாருங்கள். .315 தோட்டாவுக்கு அடியில் விளிம்பு ஒன்று நீட்டிக்கொண்டிருக்கும், ரிம் என்கிறோம். மேலே வைக்கும் தோட்டாவின் ரிம், கீழே இருப்பதன் ரிம்முக்கு முன்னால் உட்கார வேண்டும். ஒவ்வொன்றுக்கும் இதே விதி. ஒன்று மாறி ரிம் பின்னால் போனாலும் அதற்கு மேல் வருவது சாய்ந்து நின்று இடத்தை அடைத்துவிடும், நான்காவது இறங்காது. எல்லாவற்றையும் வெளியே எடுத்து, முதலிலிருந்து ஒவ்வொன்றாக வையுங்கள். 30-06 தோட்டாவுக்கு இந்த நீட்டிய ரிம் கிடையாது, அதற்கு அடிப்பகுதி மேகசினின் பின்சுவரை ஒட்டி நிற்கிறதா என்று மட்டும் பார்த்தால் போதும்.

.22 மேகசினில் தோட்டாவை மேலிருந்து நேராக அழுத்தினால் இறங்காது. முன்பக்கம் வைத்து, ரிம்மால் கீழே இருப்பதை அழுத்திக்கொண்டே உதடுகளுக்கு அடியில் பின்னோக்கி நகர்த்த வேண்டும். உதடு என்றால் மேகசின் வாயில் உள்பக்கமாக வளைந்திருக்கும் இரண்டு ஓரங்கள், இந்தச் சொல் இனியும் வரும்.

இதற்கும் இறங்கவில்லையா, அப்போது பிளாட்ஃபார்மைச் சோதியுங்கள். தோட்டாவை அடியிலிருந்து தாங்கி மேலே தள்ளும் தகடுதான் பிளாட்ஃபார்ம். காலி மேகசினில் பென்சிலின் பின்பக்கத்தால் அதை அடிவரை அழுத்தி, சட்டென்று விடுங்கள். துள்ளி மேலே வர வேண்டும். மெதுவாக ஏறினாலோ, பாதியில் நின்றாலோ, ஒரு பக்கம் சாய்ந்து வந்தாலோ உள்ளே அழுக்கு.

நம் ஊரில் இந்த அழுக்குக்குப் பெரும்பாலும் ஒரே காரணம், தேங்காய் எண்ணெய். கதவுக் கீலுக்குப் போடுவதையே துப்பாக்கிக்கும் போட்டுவிடுகிறார்கள். மார்கழிக் காலையில் பாட்டிலில் எண்ணெய் உறைந்து நிற்கிறதல்லவா, மேகசினுக்குள்ளும் அதேபோலத்தான் நிற்கும். சித்திரையில் உருகி ஓடித் தூசியைப் பிடித்துக்கொள்ளும், இரண்டு வருடத்தில் மெழுகு மாதிரி ஆகிவிடும். நல்லெண்ணெய், விளக்கெண்ணெய் எதுவும் வேண்டாம்.

சுத்தம் செய்யக் கழற்றுவதானால், கழற்றும் முன் செல்போனில் நான்கு பக்கமும் படம் எடுத்துக்கொள்ளுங்கள். ஸ்பிரிங்கைத் திருப்பிப் போட்டுவிட்டு வருகிறவர்கள் அத்தனை பேர். அதன் எந்த முனை மேலே, எந்தப் பக்கம் முன்னால் என்பதைப் படத்தில் பார்த்தே போட வேண்டும். மண்ணெண்ணெயில் நனைத்த துணியால் துடைத்து, உலர்ந்த துணியால் மறுபடி துடைத்து, முழுக்கக் காய விட்டு, ஸ்பிரிங்கில் மட்டும் மெல்லிய துப்பாக்கி எண்ணெயை விரலில் தொட்டு ஒரு தடவை தடவினால் போதும். சொட்டச் சொட்ட ஊற்றினால் அது தோட்டாவுக்குப் போய்விடும், அதன் விளைவைக் கீழே சொல்கிறேன். உங்கள் மேகசினின் அடித்தகடு கழலாத வகை என்றால் நெம்பாதீர்கள், வாய் வழியாகவே துடையுங்கள்.

பெட்டியின் பக்கச் சுவரில் நசுங்கல் இருந்து பிளாட்ஃபார்ம் அங்கே மட்டும் உரசுகிறது என்றால் அத்தோடு நிறுத்துங்கள். அது கடையில் பார்க்க வேண்டியது.

போல்ட்டைத் தள்ளும்போது தோட்டா பாதியில் இடித்து நிற்கிறது

மேகசின் முழுக்க உட்காரவில்லை என்பதுதான் நான் அதிகம் பார்க்கும் காரணம். சொருகி, கொண்டி விழும் சத்தம் கேட்ட பிறகு கீழே ஒரு இழு இழுத்துப் பாருங்கள். அசைந்தால், கொண்டியின் பள்ளத்தில் அழுக்கு இருக்கிறதா என்று பாருங்கள், தேய்ந்து போயிருக்கிறதா என்றும் பாருங்கள். அழுக்கு உங்கள் வேலை, தேய்மானம் எங்கள் வேலை.

அடுத்தது கை. போல்ட்டைப் பின்னால் இழுக்கும்போது கடைசி அரை அங்குலத்தை விட்டுவிடுகிறார்கள். என்.சி.சி. மாணவர்கள் .22-இல் முதல் முறை சுடும்போது இதைத்தான் செய்வார்கள், தோள்பட்டை வலி உள்ள வயதானவர்களும் செய்வார்கள். போல்ட் முழுக்கப் பின்னால் போகாவிட்டால் அது தோட்டாவின் அடியைப் பிடிக்காது, நடு உடம்பில் மோதித் தள்ளும், முனை கீழே இடிக்கும். இழுத்து முட்டவிட்டு, பின் ஒரே சீராகத் தள்ளுங்கள். பயந்து பயந்து தள்ளினாலும் சிக்கும்.

மேலே சொன்ன ரிம் வரிசை இங்கேயும் வரும். மேல் தோட்டாவின் ரிம் கீழ்த் தோட்டாவின் ரிம்முக்குப் பின்னால் மாட்டியிருந்தால், போல்ட் மேலே இருப்பதைத் தள்ளும்போது கீழே இருப்பதும் சேர்ந்து இழுபடும். எவ்வளவு அழுத்தினாலும் போகாது. அழுத்தவும் வேண்டாம். மேகசினைக் கழற்றி, காலி செய்து, மறுபடி அடுக்குங்கள். சரியாக அடுக்கி எடுத்துப் போன மேகசினிலும் இது வரலாம். பையில் கிடந்து வண்டியில் குலுங்கி வந்தால் தோட்டா முன்னும் பின்னும் நகர்ந்திருக்கும். ரேஞ்சுக்குப் போய் அங்கே நிரப்புங்கள், வீட்டிலிருந்து நிரப்பி எடுத்துப் போகாதீர்கள். பாதுகாப்புக்கும் அதுதான் சரி.

.22-க்கு மட்டும் உள்ள ஒரு தொல்லை, அந்தத் தோட்டாவின் ஈய முனையில் இருக்கும் மெழுகுப் பூச்சு. நம் ஊர் ஏப்ரல், மே வெயிலில் அது இளகி மேகசின் உள்சுவரில் ஒட்டும், ஈயத் துகளும் செம்மண் தூசியும் அதில் சேரும். ரேஞ்சுக்குப் போய் வந்த ஒவ்வொரு முறையும் மேகசின் வாயைத் துணியால் துடையுங்கள். ஈய முனை மென்மையானது, ஒருமுறை இடித்துச் சிக்கிய தோட்டாவின் முனை சீவப்பட்டோ கோணியோ இருக்கும், அதைத் திரும்ப ஏற்றாமல் ஒதுக்கிவிடுங்கள்.

இத்தனையும் சரி என்றால் உதடுகளைப் பாருங்கள். இரண்டு உதடும் ஒரே அளவில் வளைந்திருக்கின்றனவா, எங்காவது முடி மாதிரி விரிசல் ஓடுகிறதா? கல் தரையில் வாய் கீழாக ஒருமுறை விழுந்தால் போதும், உதடு மாறிவிடும். ஆத்தங்குடிக் கல் பதித்த முகப்பில் துப்பாக்கி துடைக்க உட்காருகிறவர்கள் கீழே ஒரு ஜமுக்காளம் விரித்துக்கொள்ளுங்கள். கல்லுக்கும் நல்லது, மேகசினுக்கும் நல்லது.

உதடு கோணியிருப்பது கண்ணுக்குத் தெரிந்தாலும் கட்டிங் பிளேயரை எடுக்காதீர்கள். ஒருவர் இப்படித்தான் பக்கத்து லேத் பட்டறையில் கொடுத்துச் "சும்மா ஒரு வளை வளைத்து" வாங்கி வந்தார். ஒரு உதடு விரிசல் விட்டு, வேறு மேகசின் தேடி நான்கு மாதம் அலைந்தார். பணத்தை விடுங்கள், 1959-ஆம் ஆண்டு ஆயுதச் சட்டத்தின் 5-ஆம் பிரிவின்படி துப்பாக்கியைப் பழுது பார்ப்பதற்கே தனி உரிமம் வேண்டும், துப்பாக்கியின் பாகங்களும் ஆயுதம் என்ற கணக்கில்தான் வரும். பட்டறைக்காரருக்கும் சேர்த்துத் தொந்தரவு வாங்கிக் கொடுக்காதீர்கள்.

வேறொரு நல்ல மேகசின் கிடைத்துப் போட்டுப் பார்த்தும் டம்மி அதே இடத்தில் இடிக்கிறது என்றால் கோளாறு மேகசினில் இல்லை. சேம்பர் வாயோ போல்ட் முகமோ பார்க்க வேண்டும். கடைக்குக் கொண்டு வாருங்கள்.

இரண்டு தோட்டா ஒன்றாக மேலே வருகிறது

இதை மட்டும் சாதாரணமாக நினைக்காதீர்கள். ஒரு தோட்டா சேம்பருக்குள் இருக்க, அடுத்ததை போல்ட் தள்ளிக்கொண்டு போனால் பின்னால் வருவதன் முனை முன்னால் இருப்பதன் பிரைமரில், அதாவது அடி நடுவில் அடிபட்டால் பற்றிக்கொள்ளும் சின்ன மூடியில், போய்க் குத்தும். அப்படிக் குத்தி, போல்ட் திறந்திருக்கும்போதே தோட்டா வெடித்தால் கண்ணும் கையும் போகும். சிக்கியவுடன் போல்ட்டை முன்னால் தள்ளுவதை நிறுத்துங்கள். குழல் முனை பட்ஸ் பக்கமே, அதாவது ரேஞ்சில் குண்டு போய்ப் பதியும் மண்மேட்டுப் பக்கமே, இருக்கட்டும். போல்ட்டை மெல்லப் பின்னால் இழுங்கள், மேகசினைக் கழற்றுங்கள், தளர்ந்து கிடப்பது கீழே விழும், அப்புறம் சேம்பரில் இருப்பதை எடுங்கள்.

ஒரு தடவை நடந்தது என்றால், போல்ட்டைப் பாதி தள்ளிவிட்டுத் திரும்ப இழுத்து மறுபடி தள்ளியிருப்பீர்கள். தோட்டா வெளியே வராமல் சேம்பரிலேயே தங்கியிருக்கும். கைப்பழக்கம், சரிசெய்துகொள்ளலாம். இரண்டாவது தடவையும் நடந்தால் உதடு விரிந்திருக்கிறது, அல்லது தோட்டாவை வெளியே இழுக்கும் எக்ஸ்ட்ராக்டர் தேய்ந்திருக்கிறது. இரண்டுமே வீட்டில் செய்கிற வேலை இல்லை. அந்த மேகசினில் ஒரு துணியைக் கட்டி அடையாளம் வைத்து ஒதுக்குங்கள், "இன்னும் ஒரு தடவை பார்ப்போமே" என்று நல்லதோடு கலந்துவிடாதீர்கள்.

போல்ட் மூடுகிறது, உள்ளே தோட்டா போகவில்லை

எத்தனையாவது தோட்டாவில் இது நடக்கிறது என்று கவனியுங்கள். கடைசி ஒன்று மட்டும் மேலே வராமல் தங்குகிறது என்றால் ஸ்பிரிங் களைத்திருக்கும், அல்லது பிளாட்ஃபார்ம் அழுக்கில் ஒட்டுகிறது. முதல் தோட்டாவே போகவில்லை, அடுத்தவை போகின்றன என்றால் மேகசின் முழுக்க உட்காரவில்லை, அல்லது அளவுக்கு மேல் திணித்திருக்கிறீர்கள். இடையில் எங்கோ ஒன்று மட்டும் என்றால் அந்தத் தோட்டாவையே எடுத்துப் பாருங்கள், நசுங்கல் இருக்கும்.

நிரப்பியே வைத்திருந்தால் ஸ்பிரிங் செத்துவிடுமா என்று எல்லாரும் கேட்பார்கள். நல்ல எஃகு ஸ்பிரிங் அழுத்தி வைத்திருப்பதால் அவ்வளவு சீக்கிரம் களைப்பதில்லை, திரும்பத் திரும்ப அழுத்தி விடுவதும் அளவுக்கு மேல் திணிப்பதும் துருவும்தான் அதைக் கெடுக்கும். ராணுவத்தில் இருபது பிடிக்கும் மேகசினில் பதினெட்டு போடும் பழக்கம் பலருக்கு இருந்தது, திணிக்கக் கூடாது என்பதற்குத்தான். ஆனால் வீட்டில் மேகசினை நிரப்பி வைக்காதீர்கள் என்று நான் சொல்வதற்கு ஸ்பிரிங் காரணமே இல்லை. விடுமுறைக்குப் பேரப்பிள்ளைகள் வந்து நிற்கும் வீடு அது. துப்பாக்கி ஒரு பூட்டில், தோட்டா வேறொரு பூட்டில், மேகசின் காலியாக. இதில் நான் விட்டுக்கொடுக்க மாட்டேன்.

ஸ்பிரிங்கை இழுத்து நீட்டி வலு ஏற்றலாம் என்று யாராவது சொன்னால் கேட்காதீர்கள். இரண்டு நாள் வேலை செய்யும், அப்புறம் பழையபடி ஆகும், பிளாட்ஃபார்மும் கோணிக்கொள்ளும். சரியான ஸ்பிரிங்கை மாற்றித் தரச் சொல்லுங்கள்.

கிளிப்பிலிருந்து தோட்டா வழுக்கி இறங்கவில்லை

கிளிப்பும் மேகசினும் ஒன்று என்று நினைத்துப் பேசுகிறார்கள். ஐந்து தோட்டாவை அடியில் கவ்விப் பிடித்திருக்கும் தகரப் பட்டை கிளிப், ராணுவத்தில் சார்ஜர் என்போம். ஸ்பிரிங் உள்ள பெட்டி மேகசின். .303 ராணுவ, போலீஸ் துப்பாக்கி என்பதால் வீட்டு உரிமத்தில் வராது, ஆகவே இந்தப் பகுதி காவல் பணியில் இருப்பவர்களுக்கும் என்.சி.சி.யில் டிரில் ரவுண்டு வைத்துச் சொல்லிக் கொடுப்பவர்களுக்கும்தான்.

பழைய கிளிப்பில் துருதான் முதல் எதிரி. உள்பள்ளத்தை உலர்ந்த துணியால் துடைத்து, டம்மி ஒன்றை மட்டும் சொருகி முன்னும் பின்னும் ஓட்டிப் பாருங்கள். ஓடவில்லை என்றால் அந்தக் கிளிப்பைத் தூக்கி ஒதுக்குங்கள், அது விலை உள்ள பொருள் இல்லை. ஓடுகிறது, ஐந்தும் சேர்ந்தால் நிற்கிறது என்றால் ரிம் வரிசை: ஒன்று, மூன்று, ஐந்தின் ரிம் கீழே, இரண்டு, நான்கின் ரிம் மேலே. இப்படி அடுக்கினால் எந்தப் பக்கம் திருப்பிச் சொருகினாலும் இறங்கும். கட்டைவிரலை மேல் தோட்டாவின் நடுவில் வைத்து அழுத்தாதீர்கள், முனை கீழே போய் அடி தூக்கிக்கொள்ளும். ரிம்முக்குப் பக்கத்தில் வைத்து ஒரே அழுத்தாக அழுத்த வேண்டும், விட்டு விட்டு அழுத்தினால் சிக்கும். பத்து பிடிக்கும் .303 மேகசினுக்கு இரண்டு கிளிப். இரண்டாவது இறங்கும்போது கனமாக இருப்பது இயல்பு.

தோட்டா பச்சை பூத்திருக்கிறது, கறுத்திருக்கிறது, பிசுபிசுக்கிறது

இதைப் பற்றி எவ்வளவு சொன்னாலும் எனக்குத் தீராது, ஏனென்றால் நம் பக்கத்து வீடுகளில் நடக்கும் தவறெல்லாம் இங்கேதான் நடக்கிறது.

பச்சை என்பது பித்தளைப் பாத்திரத்தில் பூக்கும் அதே களிம்புதான். தோல் பெல்ட்டில் தோட்டாவைச் சொருகியே வைத்திருந்தால் வரும், தோலைப் பதனிடும் பொருள்கள் பித்தளையை அரிக்கும். பெல்ட் எடுத்துப் போவதற்கு, வைத்திருப்பதற்கு இல்லை. உலர்ந்த துணியால் துடையுங்கள். பச்சை போய் அடியில் பித்தளை வழவழப்பாக இருந்தால் சரி. சின்னச் சின்னக் குழி விழுந்திருந்தால் அந்தத் தோட்டா போய்விட்டது. சும்மா நிறம் மங்கிக் கறுத்திருப்பது மட்டும் என்றால் கவலை வேண்டாம்.

புளி போட்டு விளக்காதீர்கள். ஒரு பெரிய வீட்டில் கல்யாணத்துக்குப் பாத்திரம் எல்லாம் விளக்கும்போது, களிம்பு பிடித்திருக்கிறதே என்று ஆச்சி நல்ல எண்ணத்தில் தோட்டாக்களையும் சேர்த்துப் புளியில் ஊற வைத்து, தேய்த்து, வெயிலில் காய வைத்துவிட்டார்கள். தங்கம் மாதிரி பளபளத்தது. ஒன்றையும் பயன்படுத்தச் சொல்ல என்னால் முடியவில்லை, தண்ணீரும் புளிக்கரைசலும் பிரைமர் ஓரமாக உள்ளே இறங்கியிருக்கும். கடையில் விற்கும் பித்தளை பாலிஷும் வேண்டாம், அவற்றில் பலவற்றில் அம்மோனியா இருக்கிறது, அது பித்தளையை விரிசல் விட வைக்கும்.

இந்த அம்மோனியாவைப் பற்றித் தெரிந்தால் தோட்டாப் பெட்டியை எங்கே வைக்கக் கூடாது என்பது தானே விளங்கும். வெள்ளைக்காரன் காலத்தில் இந்தியாவில் குதிரை லாயத்தில் வைத்திருந்த பித்தளைத் தோட்டாக்கள் மழைக்காலத்தில் மட்டும் தானாக விரிசல் விட்டன. பருவம் மாறினால் வருவதால் பருவ விரிசல் என்றே அதற்குப் பெயர் வைத்தார்கள், காரணம் 1921-இல்தான் தெளிவாகத் தெரிந்தது. குதிரை மூத்திரத்திலிருந்து வரும் அம்மோனியா. நம் வீடுகளில் பின்கட்டுக்கு அப்பால் மாட்டுத் தொழுவம் இருக்கிறது, அதை ஒட்டிய அறையில் பழைய சாமான்களோடு தோட்டாப் பெட்டியையும் போட்டு வைத்திருப்பதை நான் நேரில் பார்த்திருக்கிறேன். உடனே இடம் மாற்றுங்கள். அப்படிக் கிடந்த தோட்டாவின் கழுத்துப் பகுதியை, அதாவது உடம்பு குறுகி முனையைக் கவ்வும் இடத்தை, வெளிச்சத்தில் திருப்பித் திருப்பிப் பாருங்கள், நீளவாக்கில் கோடு தெரிந்தால் அது விரிசல்.

மச்சிலும் வைக்காதீர்கள், சித்திரை வெயிலில் அது அடுப்பு. கீழ்த்தளத்தில், உள்பக்க அறையில், வெயில் நேராகப் படாத சுவரோரம் பூட்டும் இரும்புப் பெட்டிதான் நல்லது. நம் பழைய வீடுகளின் கனத்த சுண்ணாம்புச் சுவர் கொடுக்கும் குளிர்ச்சி இதற்கு நன்றாக உதவும், ஆனால் தரையோடு தரையாக வைக்காமல் ஒரு பலகை போட்டு அதன் மேல் வையுங்கள். தோட்டா வாங்கிய அட்டைப் பெட்டியிலேயே இருக்கட்டும், அதில்தான் லாட் எண்ணும் தயாரித்த விவரமும் இருக்கும். அதை மூடி இறுகும் டப்பாவில் போட்டு, சிலிக்கா ஜெல் பொட்டலம் இரண்டு. உப்பைக் கட்டி வைப்பதை விட்டுவிடுங்கள், உப்பு துருவுக்குத்தான் உதவும். ஐப்பசி, கார்த்திகை மழை தொடங்கும் முன் பொட்டலத்தை மாற்றுங்கள். ஏசி அறையில் வைத்திருந்தால், வெளியே எடுத்து உடனே டப்பாவைத் திறக்காதீர்கள், வியர்த்துவிடும், அரை மணி நேரம் மூடியே இருக்கட்டும்.

பிசுபிசுப்பு என்றால் யாரோ எண்ணெய் தடவியிருக்கிறார்கள், அல்லது எண்ணெய் ஊற்றிய மேகசினுக்குள் வெகுநாள் கிடந்திருக்கிறது. எண்ணெய் பிரைமருக்குள் இறங்கினால் தோட்டா பற்றாது. துடைத்துவிட்டு ரேஞ்சுக்கு மட்டும் ஒதுக்குங்கள், பாதுகாப்புக்கென்று வைத்திருப்பவற்றோடு கலக்காதீர்கள்.

விரலால் திருகினால் முனை ஆடுகிறது, பிரைமர் துருத்தியோ பள்ளமாகவோ இருக்கிறது, குழி, விரிசல் என்றால் ஒதுக்கிவிட வேண்டும். ஒதுக்கியதை ஊருணியில் எறிவது, குப்பையோடு கொளுத்துவது, பித்தளை விலைக்குப் பழைய இரும்புக்காரரிடம் போடுவது, மூன்றும் கூடாது. நீங்கள் தோட்டா வாங்கும் கடையிலோ காவல் நிலையத்திலோ கணக்குக் காட்டி ஒப்படைத்து, எழுத்தில் ஒப்புகை வாங்கிக்கொள்ளுங்கள். உங்கள் உரிமத்தில் தோட்டாவுக்கு எண்ணிக்கை இருக்கிறது, ஒன்று குறைந்தாலும் கேள்வி உங்களிடம்தான் வரும்.

குதிரை விழுந்தது, வெடிக்கவில்லை

குழல் முனையை பட்ஸ் பக்கமே வைத்துக்கொண்டு அசையாமல் இருங்கள். குறைந்தது 30 விநாடி, நான் 60 என்பேன். தாமதமாக வெடிக்கும் தோட்டா உண்டு. அப்புறம் முகத்தை விலக்கிக்கொண்டு போல்ட்டைத் திறந்து எடுங்கள். பிரைமரில் ஆழமான அடையாளம் இருந்தால் தோட்டாவின் குறை, லேசாக இருந்தால் துப்பாக்கியின் குறை, கடைக்கு வாருங்கள். வழக்கமான சத்தம் இல்லாமல் "புஸ்" என்று மட்டும் கேட்டால் அன்றைக்கு அந்தத் துப்பாக்கியில் மறுபடி சுடவே கூடாது. குண்டு குழலுக்குள் நின்றிருக்கலாம், அடுத்ததைச் சுட்டால் குழல் பிளக்கும். நீங்களாகக் கம்பி விட்டுத் தள்ளவும் வேண்டாம்.

தேர்தலுக்கு ஒப்படைத்து வாங்கிய பிறகு சிக்குகிறது

தேர்தல் நேரத்தில் உரிமத் துப்பாக்கியை ஒப்படைக்கச் சொல்வார்கள், ஒவ்வொரு தேர்தல் முடிந்ததும் திரும்ப வாங்கி வருகிற இந்தக் கூட்டம்தான் எனக்கு. மாதக்கணக்கில் உறைக்குள்ளேயே கிடந்து வருவதால் மேகசினில் மெல்லிய துரு, கொண்டியில் தூசி. மேலே சொன்ன பென்சில் சோதனையும் துணியும் போதும், பெரும்பாலும் அதோடு சரியாகிவிடும். கொடுப்பதற்கு முன் காலி செய்து, துடைத்து, லேசாக எண்ணெய் காட்டி, துணி உறையில் போட்டுக் கொடுங்கள். மேகசினும் சேர்த்துத்தான் கொடுக்கிறேன் என்று ரசீதில் எழுதி வாங்குங்கள், துப்பாக்கி எண் மட்டும் எழுதிய ரசீது போதாது. ஒரே மாதிரி ரைஃபிள்கள் பக்கத்தில் பக்கத்தில் கிடக்கும்போது மேகசின் மாறிவிடும், மாறியது உட்காரும் ஆனால் சரியாக ஊட்டாது. வீட்டைப் பூட்டிவிட்டு மலேசியா, சிங்கப்பூர் என்று மாதக்கணக்கில் பிள்ளைகளிடம் போகிறவர்களும் இதேபோல் உரிமம் உள்ள கடையில் பாதுகாப்புக்கு ஒப்படைத்துவிட்டுப் போங்கள்.

கடைக்குக் கொண்டு வரும்போது

அசல் உரிமம், காலி செய்த துப்பாக்கி உறைக்குள், மேகசின் கழற்றித் தனியாக. சந்தேகத் தோட்டா இரண்டு மூன்று மட்டும், அதன் அட்டைப் பெட்டியோடு. துடைத்துப் பளபளப்பாக்கிக் கொண்டு வராதீர்கள், அழுக்கு எங்கே இருந்தது, உரசல் எங்கே விழுந்தது என்பதை வைத்துத்தான் நாங்கள் கண்டுபிடிக்கிறோம். ஒரு துண்டுத் தாளில் எத்தனையாவது தோட்டாவில் சிக்கியது, முனை மேலே இடித்ததா கீழே இடித்ததா, இரண்டு மேகசின் இருந்தால் எதில் என்று எழுதி வாருங்கள். அந்தத் தாள் இருந்தால் பெரும்பாலும் அன்று மாலை பஸ்ஸிலேயே திரும்பிவிடலாம்.